எங்கள் பிள்ளைகளுக்கு எதற்கு அமைப்பியல்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. வட்டவளை மழை வழக்கம்போல விடாமல் ஊற்றிக்கொண்டிருக்கிறது, வெளியே போகவும் வழியில்லை. உங்களுக்கும் அப்படித்தான் என்றால் பொறுமையாக வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து டவுனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். தெரிந்த நானா ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய மகன் என்னிடம் தமிழ் படிக்கிறான். "சேர், பிள்ளைகளுக்கு அமைப்பியலோ என்னமோ படிச்சுக் குடுக்கிறீங்களாமே. மகன் வீட்ட வந்து, சீறாப்புராணத்தில அரபு நாட்டுக்கு வயல் எப்பிடி வந்திச்சுன்னு என்னைக் கேக்கிறான். இதெல்லாம் ஓ.எல். பேப்பர்ல வருமா?"

வராது என்றேன்.

"அப்ப என்னத்துக்கு சேர்?"

கோபத்தில் கேட்கவில்லை, பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துத்தான் கேட்டார். கடையில் ஆட்கள் நிறைய இருந்ததால் அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்வி வேறு பெற்றோருக்கும், சில ஆசிரியர்களுக்கும்கூட இருக்கிறது என்று தெரியும். அதனால் இங்கே எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

முதலில் என் குற்றத்தையே சொல்லிவிடுகிறேன்.

ஒரு தவணைப் பரீட்சையில் தரம் 11 பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு கவிதையைக் கொடுத்து நயம் எழுதச் சொன்னேன். விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தால், தாளுக்குத் தாள் ஒரே வசனம்: கவிஞர் எதுகை, மோனைகளைச் சிறப்பாகக் கையாண்டு ஓசை நயத்துடன் பாடியுள்ளார். நான் கொடுத்தது ஒரு புதுக்கவிதை. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் அதில் ஓர் எதுகை கிடையாது. பிள்ளைகள் கவிதையைப் பார்க்கவே இல்லை, மனப்பாடம் செய்ததை இறக்கி வைத்திருக்கிறார்கள்.

யாரைக் குறை சொல்வது? அந்த வசனம் இருந்த குறிப்பை முந்திய வருடம் எழுதிக் கொடுத்தவன் நான்தான். அது போட்டோக் கொப்பியாகி, அண்ணனிடமிருந்து தம்பிக்கு வந்து, திரும்ப என் மேசைக்கே வந்துவிட்டது.

அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. 'நயம் பாராட்டுக' என்று நாம் கேட்கிறோமே, அதற்கு என்ன தேவை? ரசனை. ரசனை எங்கிருந்து வரும்? வீட்டில் புத்தக அலுமாரி இருக்க வேண்டும், வாப்பாவோ அப்பாவோ பேப்பர் வாசித்து நாலு விஷயம் பேச வேண்டும். லயத்துக் காம்பராவில் ஆறு பேரோடு இருந்து படிக்கிற பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்? டவுனில் கடை மேல்மாடியில் வளர்ந்த எங்கள் முஸ்லிம் பிள்ளைகளில் பலருக்கும் அதே நிலைதான். ரசனை இல்லாத இடத்தில் குறிப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. காசு உள்ளவனுக்கு நல்ல குறிப்பு, இல்லாதவனுக்குப் பழைய குறிப்பு. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண எந்தப் பிள்ளையாலும் முடியும். கொழுந்துக்கும் முத்தின இலைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த விரல்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அமைப்பியல் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே, அது அடிப்படையில் இதைத்தான் கேட்கிறது: எது எதிலிருந்து வேறுபடுகிறது, அந்த வேறுபாட்டினால் என்ன அர்த்தம் வருகிறது?

இதன் மூலவர் பெர்டினண்ட் டி சசூர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், ஜெனீவாவில் மொழியியல் படிப்பித்தவர். 1913இல் இறந்துபோனார். அவருடைய பெயரில் 1916இல் வந்த புத்தகத்தை அவர் எழுதவில்லை. வகுப்பில் இருந்த மாணவர்களின் கொப்பிகளைச் சேர்த்து அவருடைய சக ஆசிரியர்கள் இருவர் தொகுத்தது அது. எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். நாங்கள் எழுதிக் கொடுப்பதைப் பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். அங்கே பிள்ளைகள் எழுதி வைத்ததிலிருந்து ஆசிரியரின் புத்தகமே வந்திருக்கிறது.

அவர் சொன்ன உதாரணம் ஒன்று எங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தும். ஜெனீவாவிலிருந்து பாரிசுக்கு இரவு 8.25க்குப் போகும் ரயிலைப் பற்றியது. நான் அதை வட்டவளை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தேன். "காலைக் கோச்சி வந்திருச்சா?" என்று கேட்கிறோம். நேற்று வந்த எஞ்சின் வேறு, இன்று வேறு. பெட்டிகள் வேறு, டிரைவர் வேறு. சில நாள் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வரும். அப்படியும் அது 'காலைக் கோச்சி'தான். ஏன் என்று கேட்டேன். ஒரு பையன் சொன்னான், "அதுக்கு முந்தி ஒரு கோச்சி இருக்கு, பிந்தி ஒரு கோச்சி இருக்கு சேர், அதனாலதான்." இரும்பினாலும் பலகையினாலும் அது காலைக் கோச்சி ஆகவில்லை. நேர அட்டவணையில் மற்றக் கோச்சிகளுக்கு நடுவில் அதற்கு இருக்கிற இடத்தினால்தான் ஆகிறது. சொற்களும் அப்படித்தான் என்றார் சசூர்.

அடுத்த உதாரணம் பிள்ளைகள் எனக்குத் தந்தது. 'பேர்' என்றால் என்ன? அகராதியில் பார்த்தால் பெயர், ஆள் என்று இருக்கும். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை கணக்கில் பதிந்தது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் என்று ஒன்று இருப்பதால்தான் முழுப்பேர் என்ற சொல்லுக்கு உயிர் வருகிறது. "இன்னைக்கு அம்மாவுக்கு அரைப்பேர்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்த மூன்று சொல்லில் அந்த வீட்டின் இரவுச் சாப்பாடு வரை இருக்கிறது. இதை ஒரு வகுப்பே எழும்பி நின்று எனக்கு விளக்கியது. நயம் எழுதத் தெரியாது என்று நான் நினைத்த அதே வகுப்பு.

அதற்குப் பிறகு நான் குறிப்புக் கொடுப்பதை நிறுத்திவிட்டு மூன்று கேள்விகளை மட்டும் கரும்பலகையில் எழுதினேன்.

1. இதில் எது எதற்கு எதிராக நிற்கிறது?
2. எது திரும்பத் திரும்ப வருகிறது?
3. எதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் அர்த்தம் உடைந்துவிடும்?

பாட்டு, கதை, கூத்து எதுவானாலும் இந்த மூன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்டுப் பார்த்ததில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, காமன் கூத்து. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, தப்பு அடித்து, ரதியும் மதனும் ஆடி வருவதை இங்கே பார்க்காதவர்கள் குறைவு. சின்ன வயதில் கடை மாடியில் படுத்துக்கொண்டு தூரத்தில் தப்புச் சத்தம் கேட்டதெல்லாம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. வகுப்பில் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். கதை தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள்.

விளாதிமிர் புரொப் என்ற ரஷ்யர் 100 மாயக் கதைகளைப் பிரித்துப் பார்த்து 1928இல் ஒரு புத்தகம் எழுதினார். ஆட்களும் ஊர்களும் மாறினாலும் கதைக்குள் நடக்கிற செயல்கள் 31தான், ஒரு கதையில் எல்லாம் வராவிட்டாலும் வருபவை அதே ஒழுங்கில்தான் வரும் என்பது அவருடைய முடிவு. தொடக்கத்திலேயே ஒரு தடை வரும், போகாதே, செய்யாதே என்று. பிறகு அந்தத் தடை மீறப்படும். கடைசியில் வீரன் வென்று கல்யாணம் முடிப்பான், அல்லது அரசனாவான்.

பிள்ளைகள் காமன் கதையை இதோடு வைத்துப் பார்த்தார்கள். ரதி போகாதே என்கிறாள்: தடை. மதன் போகிறான்: மீறல். சிவனின் தவத்தைக் கலைக்கிறான், நெற்றிக் கண்ணால் எரிகிறான். அங்கே வந்து கணக்குப் பிழைத்தது. வீரன் வெல்லவில்லையே. ரதி அழுது கேட்டபிறகு உயிர் வருகிறது, ஆனால் அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். புரொப்பின் பட்டியலில் இதை எங்கே வைப்பது?

பின்வாங்கில் இருந்து ஒரு பையன், வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவன், எழும்பினான். "சேர், மதன் அவன் வேலைக்கா போனான்? தேவர்கள் அனுப்பித்தானே போனான். அனுப்புனவங்களுக்கு ஒன்னும் நடக்கல. போனவன்தான் எரிஞ்சான்."

வகுப்பு அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு மகள் சொன்னாள், "எங்க பாட்டியோட பாட்டியையும் இப்படித்தான் கூட்டிட்டு வந்தாங்களாம் சேர். தேயிலைத் தூர்ல தேங்காயும் மாசியும் இருக்குன்னு சொல்லி."

இந்தப் பதிலை நான் எந்தக் குறிப்பில் எழுதிக் கொடுத்திருக்க முடியும்? அனுப்புகிறவர், போகிறவர், எரிகிறவர், அழுகிறவர் என்று கதையை ஆள் ஆளாக, செயல் செயலாகப் பிரித்து வைத்ததால்தான் அந்தப் பையனுக்கு அது கண்ணில் பட்டது. பட்டியலுக்குள் அடங்காத இடத்தில்தான் அவனுக்குப் பேச்சு வந்தது என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாவது, அந்த நானாவின் மகன் வீட்டுக்குக் கொண்டுபோன கேள்வி. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் விலாதத்துக் காண்டத்தில் நாட்டுப் படலம் இருக்கிறது. அரபு நாட்டில் மழை பெய்கிறது, ஆறு பெருகுகிறது, உழவர்கள் வயலில் இறங்குகிறார்கள். பாலைவனமும் ஈச்ச மரமும் என்று பள்ளியில் கேட்டு வளர்ந்த முஸ்லிம் பிள்ளைக்கு இது குழப்பம். "உமறுப்புலவர் மக்காவைக் காணாம எழுதிட்டாரா சேர்?"

நான் பதில் சொல்லாமல் இன்னும் இரண்டு நாட்டுப் படலங்களைக் கொடுத்தேன். கம்பர் கோசல நாட்டைப் பாடியது ஒன்று. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் தேம்பாவணியில் யூதேயாவைப் பாடியது மற்றது. மூன்றிலும் மழை, மூன்றிலும் ஆறு, மூன்றிலும் வயல். இந்துப் பிள்ளை, கிறிஸ்தவப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை மூவரும் தலையை ஒன்றாக வைத்துக்கொண்டு ஒப்பிட்டார்கள். பிறகு மூன்றாவது கேள்வியைக் கேட்டோம். வயலை எடுத்துவிட்டு மணலை வைத்தால் என்ன ஆகும்? தமிழில் கேட்கிற 17ஆம் நூற்றாண்டு மனிதனுக்கு, மணலும் வெயிலும் என்றால் பாலை. பாலை என்றால் பிரிவு, வழிப்பறி, துன்பம். வயலும் நீரும் என்றால் மேன்மக்கள் பிறக்கத் தகுந்த நாடு. ஆகவே அந்த வயல் அரபு நாட்டின் பூமிசாஸ்திரத்தைச் சொல்ல வரவில்லை. எங்கள் நபியவர்கள் பிறக்கப்போகிற மண் இது என்று தமிழ்க் காதுக்குக் கேட்கிற பாஷையில் சொல்ல வந்தது.

பெரியவர் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார், மார்க்க சம்பந்தமான நூலைக் கூறு போட்டுப் பார்ப்பது சரியா என்று. அவருடைய பயத்தை நான் மதிக்கிறேன். குர்ஆன், ஹதீஸுக்கு முன்னால் நான் மாணவன், அங்கே இந்த வேலையை நான் செய்யவில்லை. சீறாப்புராணம் ஒரு தமிழ்ப் புலவர் பாடிய காப்பியம். காப்பியத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது, அந்த ஒழுங்கு தெரியாமல் வாசிக்கிற பிள்ளை புலவர் பிழை விட்டார் என்று நினைக்கிறது. தெரிந்து வாசித்தால், அவர் எவ்வளவு அன்போடு இரண்டு உலகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று விளங்கும். ஹாஜியாரிடம் இதைச் சொன்னேன். முழுதாக ஒத்துக்கொண்டாரா தெரியாது, ஆனால் வீட்டில் இருந்த பழைய சீறாப் பிரதியை வகுப்புக்குக் கொடுத்தனுப்பினார். அல்ஹம்துலில்லாஹ்.

இது வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கு எதற்கு என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். மணலும் வெயிலும் என்றால் பிரிவு என்று மேலே சொன்னேனே, அது எங்கிருந்து வந்தது? தொல்காப்பியத்திலிருந்து தொடர்கிற திணை மரபிலிருந்து. முதல், கரு, உரி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். முல்லை என்றால் கார்காலம், மாலை நேரம், காத்திருத்தல். குறிஞ்சி என்றால் மலை, குளிர்காலம், நள்ளிரவு, சேர்தல். ஒரு பூவைச் சொன்னால் மனநிலை முழுவதும் வந்து நிற்கும், ஏனென்றால் அந்தப் பூ மற்ற நாலு நிலத்துப் பூக்களிலிருந்து வேறுபட்டு நிற்கிறது. ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது பின்னுரையில் விளக்கியதும் இந்தக் குறிகளின் ஒழுங்கைத்தான். அமைப்பியலைத் தமிழில் ஒரு முழுப் புத்தகமாக 1982இல் அறிமுகம் செய்தவர் தமிழவன். எங்கள் தாத்தாக்களின் வீட்டுக்கு நாங்கள் பின்கதவால் வந்து சேர்ந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். நாம் இருப்பது மலை, குறிஞ்சி நிலம். குறிஞ்சிக்கு உரியது சேர்தல். ஆனால் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சேகரித்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் பாருங்கள், உங்கள் பாட்டிமாரைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை பாட்டில் பிரிவு இருக்கிறது? விட்டு வந்த ஊர், கடந்த கடல், திரும்ப முடியாத வழி. நிலம் குறிஞ்சி, ஒழுக்கம் பாலை. நிலங்கள் ஒன்றோடொன்று கலக்கா, உரிப்பொருள் கலக்கலாம் என்று தொல்காப்பியம் இடம் கொடுத்திருக்கிறது. எங்கள் மலையகத்தின் பாட்டு முழுக்க அந்தக் கலப்புத்தான் என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. நான் பத்துக்குப் பத்துப் போட்டேன்.

இனி, பிழைத்த கதையையும் சொல்ல வேண்டும். தொடங்கிய வருடம் நான் உற்சாகத்தில் கலைச்சொற்களை எல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டேன். குறிப்பான், குறிப்பீடு, இருமை எதிர்வு. அடுத்த பரீட்சையில் விடைத்தாளுக்கு விடைத்தாள் புது வசனம்: கவிஞர் இருமை எதிர்வுகளைச் சிறப்பாகக் கையாண்டுள்ளார். எதுகை, மோனை போய் இருமை எதிர்வு வந்து உட்கார்ந்திருக்கிறது! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அன்றிலிருந்து வகுப்பில் அந்தச் சொற்கள் இல்லை. மூன்று கேள்விகள் மட்டும்தான். இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் தயவுசெய்து இந்தப் பிழையை விடாதீர்கள்.

இன்னொன்று. இந்த முறைக்கு எல்லை இருக்கிறது. ஒரு கதையில் மேலே பங்களா, கீழே லயம் என்று எதிர்வு இருப்பதை இது காட்டும். பங்களா ஏன் மேலே, லயம் ஏன் கீழே, யார் அப்படிக் கட்டினார்கள் என்று இது சொல்லாது. அதற்குச் சரித்திரம் படிக்க வேண்டும். 1948இல் பிரஜாவுரிமை போனதைப் படிக்க வேண்டும், பேர் போடுகிற கணக்கைப் படிக்க வேண்டும். காமன் கூத்தைப் பற்றி அந்தப் பையன் சொன்னதும், அந்த மகள் சொன்னதும் அமைப்பியல் முடிந்த இடத்தில் வந்த பேச்சு. ஆனால் அந்த இடம் வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது அதுதான்.

புள்ளி கூடியதா என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் கூடவில்லை. குறிப்பைப் பாடமாக்கி நன்றாக எழுதிக்கொண்டிருந்த சிலருக்கு முதலில் குறைந்தும் போனது, அவர்களுடைய பெற்றோர் என்னிடம் வந்து பேசினார்கள். அவர்களுக்கு நான் சொன்னது: பரீட்சைக்குத் தேவையானதை நான் விடவில்லை, பாஸ்ட் பேப்பரும் செய்கிறோம், அணியும் யாப்பும் படிக்கிறோம். இந்த மூன்று கேள்விகளுக்குக் கிழமையில் ஒரு பாடவேளைதான். ஆனால் ஓ.எல். முடிந்த பிறகும் இந்தப் பிள்ளைகளுக்கு வாசிக்க எவ்வளவோ வரும். வேலை ஒப்பந்தம் வரும், கொழும்பில் கடைக்கு, வெளிநாட்டில் வீட்டு வேலைக்கு என்று அழைக்கிற விளம்பரம் வரும், தேர்தல் நேரத்துத் துண்டுப்பிரசுரம் வரும். அப்போது குறிப்பு எழுதிக் கொடுக்க யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். இதில் என்ன சொல்லியிருக்கிறார்கள், எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், அனுப்புகிறவன் யார், போகிறவன் யார் என்று அந்தப் பிள்ளை தானே பார்க்க வேண்டும். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் என்று இன்னொரு முறை யாரும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.

நானா, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்.

கடைசியாக ஊராரிடம் இரண்டு வேண்டுகோள். வீட்டில் பாட்டிமார், உம்மும்மாமார் இருந்தால், அவர்களுக்குத் தெரிந்த பாட்டையும் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள், போனில் பதிந்து வையுங்கள். எங்கள் வகுப்புக்கு அதுதான் பாடப் புத்தகம். அடுத்தது, பிள்ளை வந்து விசித்திரமாக ஏதாவது கேட்டால், "இது பேப்பர்ல வருமா?" என்று உடனே கேட்டுவிடாதீர்கள். ஒரு நிமிஷம் அந்தக் கேள்வியோடு இருந்து பாருங்கள். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கும் பாதி நாள் தெரிவதில்லை.

மற்ற ஆசிரியர் நண்பர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நான் சொன்னதில் பிழை இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.